ஒலிபரப்பு முடிந்த பிறகு: அந்தமான் வானொலியும் தீவுத் தமிழின் பாட்காஸ்டும்

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழைக் கம்பி செயல்பாட்டுக்கு வந்தது. 2,312 கிலோமீட்டர் நீளம், 1,224 கோடி ரூபாய் செலவு. போர்ட் பிளேரோடு நிற்காமல் ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்டா, கிரேட் நிக்கோபார் வரை அது போகிறது. அதுவரை தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. ஒரு பாட்டை முழுதாகக் கேட்டு முடிப்பதற்கே பொறுமை வேண்டியிருந்த ஊரில், சென்னையில் காலையில் வெளியாகும் காணொளியை மதியச் சாப்பாட்டு வேளைக்குள் எல்லோரும் பார்த்துவிடும் நிலை வந்தது.

போர்ட் பிளேரின் தெற்குப் புறத்தில், தொழிற்பேட்டையும் பட்டறைகளுமாக இருக்கும் டாலிகஞ்ச் பகுதியில் இந்த மாற்றத்தைத் தெளிவாகப் பார்க்கலாம். வேலை செய்யும் கை ஓயாது. காது மட்டும் சும்மா இருக்கும். பட்டறைக்காரருக்கும் ஓட்டுநருக்கும் தையல்காரருக்கும் ஒலி என்பது வேலைக்குத் துணை. ஒரு காலத்தில் அந்தத் துணை வானொலிப் பெட்டியாக இருந்தது, இன்று கைப்பேசி. அதில் வரும் தமிழ் பெரும்பாலும் சென்னையிலிருந்து வருகிறது. அங்கத்திய அரசியல், அங்கத்திய சினிமா, அங்கத்திய போக்குவரத்து நெரிசல்.

கம்பி இரண்டு திசையிலும் பேச்சைச் சுமக்கும். ஆனால் டாலிகஞ்சிலிருந்தோ நிக்கோபாரின் கட்சால் தீவிலிருந்தோ சென்னைக்கு எந்தத் தமிழ்க் குரல் போகிறது? தீவுகளுக்குள்ளேயே ஒரு தீவின் தமிழர் இன்னொரு தீவின் தமிழரைக் கேட்க என்ன வழி? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடிய இடத்தில் இருக்கும் நிறுவனம் ஒன்றுதான்: போர்ட் பிளேர் வானொலி நிலையம். பொது வானொலி பாட்காஸ்ட் உலகில் என்ன செய்ய வேண்டும் என்ற பெரிய விவாதத்தை இந்தச் சிறிய நிலையத்தை முன்வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகரத்தின் குரல் என்ற பழைய எண்ணம்

ஒரு நகரம் தனக்கென்று வானொலி வைத்துக்கொள்வது புதிய யோசனை அல்ல. 1924 ஜூலை மாதத்தில் உலகின் இரண்டு மூலைகளில் இரண்டு முயற்சிகள் காற்றில் ஏறின. நியூயார்க் மாநகராட்சி தன் சொந்த நிலையமான டபிள்யூஎன்ஒய்சியை ஜூலை 8 அன்று தொடங்கியது. அதே மாதம் 31ஆம் தேதி, சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் உருவான மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமில்லாமல் 1927இல் கிளப் மூடப்பட்டது. அதன் ஒலிபரப்பி சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்தது; 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே வானொலி நடத்தியது. பெட்டி வாங்க முடியாதவர்கள் கடற்கரையிலும் பூங்காவிலும் வைத்த ஒலிபெருக்கிகளின் அடியில் நின்று கேட்டார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டபோது நகர வானொலியின் கதை முடிந்தது.

இரண்டு நிலையங்களின் பிற்கால வரலாறு கவனிக்கத்தக்கது. நியூயார்க் நிலையம் 1990களில் மாநகராட்சியின் பிடியிலிருந்து விலகி, நேயர் நன்கொடையில் நிற்கும் அமைப்பாகி, பின்னர் பாட்காஸ்ட் உலகில் முன்னணிக்கு வந்தது. சென்னை முயற்சியோ மத்திய அரசின் அமைப்புக்குள் கரைந்தது. அதனால் நன்மை இல்லாமல் இல்லை: நிதிக்கு உத்தரவாதம் கிடைத்தது, ஊர் ஊராக நிலையங்கள் வந்தன. ஆனால் நகரம் தன் குரலைப் பற்றித் தானே முடிவெடுக்கும் பழக்கம் விட்டுப்போயிற்று. போர்ட் பிளேர் நிலையம் 1963இல் வந்தபோது அது அந்த மத்திய அமைப்பின் கிளையாகவே வந்தது.

இருந்தும் அதன் சூழல் மற்ற நிலையங்களுக்கு இல்லாதது. 2011 கணக்கெடுப்பின்படி 3,80,581 பேர் வாழும் தீவுக்கூட்டத்தில் வங்காளி பேசுவோர் சுமார் 28 விழுக்காடு, இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. அடுத்து நிக்கோபாரி, மலையாளம். எந்த மொழிக்கும் பெரும்பான்மை இல்லை. அதனால் நிலையத்தின் நாள் பல மொழிகளுக்குப் பங்கு பிரிக்கப்படுகிறது. இந்தி எல்லோருக்கும் பொது. மற்றவை முறைவைத்து வரும். ஒரு மொழிக்காரருக்குத் தன் முறை வரும் நேரத்தில் வேலையோ பயணமோ இருந்தால் அன்றைய நிகழ்ச்சி தவறியதுதான். மதுரையிலோ கோவையிலோ தமிழ் நிகழ்ச்சி ஒன்று தவறினால் அடுத்தது வந்துவிடும். இங்கே அப்படியில்லை. நேரத்தைப் பங்குபோடும் நிலையத்துக்குத்தான் நேரத்தை விடுவிக்கும் பாட்காஸ்ட் மிகவும் தேவைப்படுகிறது.

நேரலை வேறு, பாட்காஸ்ட் வேறு

அகில இந்திய வானொலியை நடத்தும் பிரசார் பாரதி இணையத்தில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நியூஸ்ஆன்ஏர் செயலியில் இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்களின் ஒலிபரப்பை நேரலையாகக் கேட்கலாம். மாநிலச் செய்தி அறிக்கைகள் கோப்புகளாகக் கிடைக்கின்றன. 2024 நவம்பரில் கோவா திரைப்பட விழாவின்போது வேவ்ஸ் என்ற தளமும் வந்தது. 2014 அக்டோபர் 3 முதல் வரும் 'மனதின் குரல்' பிரதமர் உரை பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, தேதிவாரியாகத் தேடி எடுக்கும் வகையில் அடுக்கப்பட்டிருக்கிறது. வேண்டுமென்றால் இந்த அமைப்பால் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று.

ஆனால் நேரலையால் தீர்வது தூரம் மட்டும்தான். நேரம் அப்படியே இருக்கிறது. டாலிகஞ்சில் பிறந்து சென்னையில் படிக்கும் பெண் நேரலையில் தன் ஊர் நிலையத்தைக் கேட்கலாம். ஆனால் தமிழ் நிகழ்ச்சி வரும் நேரத்தில் அவள் வகுப்பில் இருந்தால் பயனில்லை. பாட்காஸ்ட் என்பது ஒலியைக் கோப்பாக்கி, தலைப்பு கொடுத்து, தேதி போட்டு, தொடராக அடுக்கி, கேட்பவரின் கைப்பேசிக்குத் தானாக வந்து சேரும்படி செய்வது. அதாவது பாதி வேலை ஒலிபரப்பு, பாதி வேலை நூலகம். நம் வானொலி நிலையங்கள் முதல் பாதியில் தேர்ந்தவை. இரண்டாம் பாதியில் பழக்கமில்லாதவை. ஒலிநாடா விலை கூடிய பொருளாக இருந்த காலத்தில், ஒலிபரப்பியதை அழித்து அதே நாடாவில் அடுத்ததைப் பதிவதே நிலையங்களின் அன்றாட வழக்கம். அந்த மனப்பான்மை நாடா போன பின்னும் போகவில்லை.

பிறர் செய்தது

பொது வானொலிகள் பாட்காஸ்டுக்கு வந்த வழிகளைப் பார்த்தால் மூன்று பாதைகள் தெரிகின்றன.

முதல் பாதை, ஏற்கெனவே உள்ள நிகழ்ச்சியை அப்படியே கோப்பாக்குவது. பிபிசி 2004இல் 'இன் அவர் டைம்' என்ற உரையாடல் நிகழ்ச்சியை வைத்து இதைச் சோதித்தது. 1998 முதல் ஒலிபரப்பான ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரையாடல்கள் இன்று கேட்கக் கிடைக்கின்றன. அந்த நிகழ்ச்சியில் பாட்டு இல்லை, அன்றன்றைய செய்தி இல்லை. பேராசிரியர்கள் உட்கார்ந்து ஒரு பொருளைப் பேசுவார்கள். இருபது ஆண்டு கழித்தும் கேட்க முடிவதற்கு அதுவே காரணம்.

இரண்டாம் பாதை, வானொலிக்கு வெளியே தனி வடிவம் உண்டாக்குவது. சிகாகோவின் டபிள்யூபிஇஇசட் நிலையத்தில் வளர்ந்த குழு 2014இல் தந்த 'சீரியல்' ஒரே வழக்கை வாரம் வாரம் துருவியது. உலகமே கேட்டது. ஆனால் அதற்கு மாதக்கணக்கான கள ஆய்வும், அதற்குச் சம்பளம் வாங்கும் குழுவும் வேண்டும். சிறு நிலையம் இதை முன்மாதிரியாகக் கொண்டால் தொடங்குவதற்கு முன்பே களைத்துவிடும்.

மூன்றாம் பாதைதான் நமக்கு நெருக்கமானது. ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் அரசு வானொலியும் ஒரே அமைப்பின் நேரத்தைப் பல மொழிகளுக்குப் பங்கிடுகிறது. போர்ட் பிளேரின் சிக்கல் அதற்கும் உண்டு. எஸ்பிஎஸ் தமிழ் தன் ஒலிபரப்பைத் துண்டுகளாக்கிப் பாட்காஸ்டாக இடுகிறது. ஒரு நேர்காணல் ஒரு கோப்பு, ஒரு விளக்கம் ஒரு கோப்பு. வீடு வாங்குவது, வரி கட்டுவது, பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தருவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு. சிட்னியில் இருப்பவருக்கு நேரடியாகப் பயன். யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு அங்கே போன உறவினரின் வாழ்க்கை புரிகிறது. சிங்கப்பூரின் ஒலி 96.8 நிலையமும் மீலிசன் தளத்தில் தமிழ் நிகழ்ச்சிகளைத் தனியே கேட்கத் தருகிறது. எந்த ஊர்த் தமிழரும் தம் ஊரைப் பற்றிப் பேசினால்தான் மற்ற ஊர்த் தமிழர் காது கொடுப்பார்கள் என்பதை இவை காட்டுகின்றன.

இதற்கு எதிர்மாறான அனுபவம் இலங்கையில் இருக்கிறது. கொழும்பிலிருந்து வந்த தமிழ் ஒலிபரப்பைத் தென் தமிழ்நாடே கேட்டு வளர்ந்தது. அந்தக் குரல்களில் பல இன்று இணையத்தில் கிடைப்பதற்குக் காரணம் நேயர்களின் ஆர்வம். வீட்டில் ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தவர்கள் பின்னாளில் ஏற்றினார்கள். ஆர்வலரின் சேமிப்பு பாராட்டுக்குரியது. ஆனால் அதில் பாட்டும் விளம்பரமும் மிஞ்சும், கிராமத்துப் பேட்டியும் வேளாண் உரையும் மிஞ்சாது. எதை வைத்துக்கொள்வது என்பதை ஏக்கத்தின் கையில் விட்டால் இதுதான் நடக்கும்.

எதற்கு எவ்வளவு ஆயுள்

பாட்காஸ்ட் என்றதும் எல்லாவற்றையும் ஏற்றிவிடலாம் என்று தோன்றும். அது தவறு. தீவு வானொலியின் உள்ளடக்கத்தை ஆயுளை வைத்துப் பிரித்துப் பார்த்தால் வேலை தெளிவாகும்.

கப்பல் அறிவிப்பின் ஆயுள் சில மணி நேரம். எந்தக் கப்பல் எப்போது லிட்டில் அந்தமானின் ஹட்பே போகிறது, கடல் கொந்தளிப்பால் எந்தப் பயணம் தள்ளிப்போகிறது என்பது தீவுவாசிக்குத் தலைப்புச் செய்தியை விட முக்கியம். ஆனால் கப்பல் கிளம்பியதும் அந்த ஒலியால் பயனில்லை. பழைய கப்பல் அறிவிப்பு கைப்பேசியில் கிடந்தால் அது குழப்பமும்கூட. இது வானொலி அலைக்கு உரியது.

மீன்பிடி முன்னறிவிப்பின் ஆயுள் சில நாள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடலின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழி பார்த்து, மீன் கூடும் இடங்களைக் கணித்துச் சொல்கிறது. ஜங்லிகாட் மீன் இறங்குதளத்திலிருந்து படகு எடுப்பவருக்கு அது தேவை. ஆனால் அடுத்த கணிப்பு வந்ததும் முந்தையது காலாவதி.

வேளாண் உரையின் ஆயுள் பருவம் பருவமாக நீளும். 1960களில் தஞ்சை உழவர்கள் ஏடிடி-27 ரகத்தை வானொலி வழியாகவே அறிந்ததால் அதை 'ரேடியோ நெல்' என்றார்கள். கராச்சர்மாவில் 1978 முதல் இயங்கும் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி ஒருவர், மழை விடாமல் கொட்டும் மாதங்களில் பாக்கு மரத்தைக் காப்பது எப்படி என்று தமிழில் பேசினால், அந்தப் பேச்சு அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் செல்லும். டாலிகஞ்சிலேயே தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தீவு மையம் இருக்கிறது. தலைமையகம் சென்னை பள்ளிக்கரணையில். கடலில் கூண்டு கட்டி மீன் வளர்ப்பது போன்ற வேலைகளை அந்நிறுவனம் செய்துவருகிறது. இங்கே ஆய்வுக்கூடம் இருக்கும் தெருவில் வசிப்பவருக்கே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. இருபது நிமிடத் தமிழ் உரையாடல் ஒன்று இருந்தால் டாலிகஞ்ச் பள்ளி மாணவருக்கும் ராமேஸ்வரம் மீனவருக்கும் ஒருசேரப் பயன்படும்.

வாழ்க்கை வரலாற்றுக்கு ஆயுள் வரம்பே இல்லை. தீவுத் தமிழர் ஒரே வழியில் வந்தவர்கள் அல்லர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் 1970களில் கட்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். காடு வெட்டவும், சாலை போடவும், துறைமுகத்தில் சுமை தூக்கவும் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியவர்கள் உண்டு. வியாபாரத்துக்கும் அரசு வேலைக்கும் வந்து தங்கியவர்கள் உண்டு. இவர்கள் ஒவ்வொருவரின் தமிழும் வேறு. தீவின் பொது இந்தி அதில் வெவ்வேறு அளவில் கலந்திருக்கிறது. தேயிலைத் தோட்டத்துப் பேச்சு நிக்கோபார்க் கடற்கரையில் மூன்று தலைமுறையாக என்ன ஆயிற்று என்பதைப் புத்தகம் சொல்லாது, குரல்தான் சொல்லும். 2004 டிசம்பர் 26 சுனாமி கட்சாலை மிகக் கடுமையாகத் தாக்கியது. அதைப் பார்த்தவர்களின் சாட்சியமும் இந்த வகையில் சேரும்.

ஆக, முதல் இரண்டு வகையும் ஒலிபரப்புக்கு, பின் இரண்டு வகையும் கோப்புக்கு. இந்தப் பிரிவினையை நிலையம் ஏற்றுக்கொண்டால் வேலைப்பளு பாதியாகக் குறையும்.

ஓர் அரை மணி நிகழ்ச்சியைப் பிரித்துப் பார்த்தால்

வழக்கமான அரை மணி நேரத் தமிழ் நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகப்பு இசை, அறிவிப்பாளரின் வணக்கம், ஒரு சினிமாப் பாட்டு, பத்துப் பன்னிரண்டு நிமிடப் பேட்டி, நடுவில் இன்னொரு பாட்டு, நேயர் கடிதம், நன்றி. இதை அப்படியே இணையத்தில் ஏற்ற முடியாது. பாட்டுதான் தடை. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு, ஒலிபரப்பு நிறுவனங்கள் கட்டணம் செலுத்திப் பாடல்களைப் பயன்படுத்தச் சட்டப்பூர்வ உரிமம் தருகிறது. இணையவழி இசைச் சேவைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று டிப்ஸ்–விங்க் வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் 2019இல் சொன்னது. காற்றில் போகும்போது சட்டத்துக்கு உட்பட்ட பாட்டு, கோப்பாகும்போது தனி அனுமதி கேட்கும்.

பாட்டை நீக்கினால் மிஞ்சுவது பேட்டி. அதுதான் நமக்கு வேண்டியதும். ஆனால் வெட்டி எடுத்த பேட்டியில் அறிவிப்பாளர், "சற்று முன் கேட்ட பாடலைப் போலவே" என்று சொல்லியிருந்தால் கேட்பவருக்குப் புரியாது. ஆகவே பதிவு செய்யும்போதே பேட்டி தனித்து நிற்கும்படி பேச வேண்டும்: வந்திருப்பவர் யார், எந்தத் தீவு, என்ன ஆண்டு என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். "இன்று", "போன வாரம்" என்பவற்றுக்குப் பதில் தேதி சொல்ல வேண்டும். பேசுபவரிடம் இணையத்தில் வைப்பதற்கும் சேர்த்து அன்றே கையெழுத்து வாங்க வேண்டும். பத்து ஆண்டு கழித்து வாரிசைத் தேடி அலைய முடியாது.

கோப்பின் எடையும் சிக்கல் அல்ல. பேச்சுக்கு வினாடிக்கு 32 கிலோபிட் போதும்; அரை மணி நேரம் 7 மெகாபைட்டுக்குச் சற்று மேல் வரும். இரண்டு நிமிடக் காணொளி ஒன்றே இதைத் தாண்டிவிடும். கப்பலேறுமுன் நகரத்தில் இறக்கிவைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத நடுக்கடலில் கேட்கலாம். சென்னைக்கு மூன்று நாள் போகும் கப்பலில் இதைவிடத் தோதான துணை வேறில்லை.

தேடுவதற்கு வைக்கும் பெயரில்தான் கூடுதல் கவனம் தேவை. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. 2023 முதல் அகில இந்திய வானொலி எங்கும் ஆகாசவாணி என்றே அழைக்கப்படுகிறது. பழைய பெயரில் தேடுபவருக்கும் புதிய பெயரில் தேடுபவருக்கும் ஒரே கோப்பு கிடைக்க வேண்டுமானால் இரு பெயர்களும் தலைப்புக் குறிப்பில் இருக்க வேண்டும். இந்தச் சின்னக் கவனம் இல்லையென்றால் கோப்பு இருந்தும் இல்லாததாகிவிடும்.

அலையை விட்டுவிட முடியாது

பாட்காஸ்டைப் பற்றி ஆர்வமாகப் பேசுபவர்கள் அடுத்த மூச்சில் மத்திய அலை ஒலிபரப்பிகளை மூடிவிடலாம் என்று சொல்வதுண்டு. நாட்டின் பல இடங்களில் பழைய மத்திய அலை ஒலிபரப்பிகளைப் பிரசார் பாரதி நிறுத்தியும் வந்திருக்கிறது. பெருநிலத்தில் இதற்கு நியாயம் இருக்கலாம். தீவில் இல்லை. போர்ட் பிளேரின் 684 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை, பண்பலை எட்டாத தீவுகளுக்கும் கடலில் நிற்கும் படகுகளுக்கும் போய்ச் சேர்வதற்காக ஏற்பட்டது. கடலடிக் கம்பி அறுந்தால் இணையம் முடங்கும். கைப்பேசிக் கோபுரம் சாய்ந்தால் கையில் இருப்பது வெறும் விளக்கு.

சுனாமியின்போது இது நேரில் தெரிந்தது. தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழு ஒன்று பாரதி பிரசாத் தலைமையில் தற்செயலாக அப்போது போர்ட் பிளேரில் இருந்தது. தொலைபேசி துண்டிக்கப்பட்ட நிலையில், அவர்களுடைய கருவிகள் வழியாகத்தான் பல குடும்பங்களின் சேதி பெருநிலத்துக்குப் போனது. கம்பி இல்லாத வழி ஒன்று எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு நிரூபணம் தேவையில்லை. இன்று சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. எச்சரிக்கை கடைசித் தீவின் கடைசி வீட்டை எட்ட வானொலி அலையும் இருக்க வேண்டும்.

அலையும் கோப்பும் போட்டியாளர்கள் அல்ல என்பது இந்த ஆய்வில் தெரியவரும் முடிவு. அவசரம் அலையில், நினைவு கோப்பில். கோப்பில் என்ன வந்திருக்கிறது என்று நேயருக்குச் சொல்வதற்கும் அலையே சிறந்த வழி. இணையத்தில் விளம்பரம் செய்யப் பணமில்லாத நிலையத்துக்கு இதுவே இலவச விளம்பரம்.

எங்கே தொடங்குவது

ஆட்கள் குறைவு என்பது எந்தச் சிறு வானொலி நிலையமும் சொல்லும் குறை. அதில் உண்மையும் உண்டு. பகுதிநேர அறிவிப்பாளர்களை வைத்து ஒலிபரப்பை ஓட்டும் இடத்தில் புதிய துறை திறக்கச் சொல்வது பொறுப்பற்ற யோசனை. அதனால் மாதம் நான்கு கோப்பு என்று தொடங்கினால் போதும். தமிழுக்குச் சொன்னதே தெலுங்குக்கும் வங்காளிக்கும் மலையாளத்துக்கும் நிக்கோபாரிக்கும் பொருந்தும். தமிழில் நடந்தால் மற்ற மொழிகளுக்கு வழி தெரிந்துவிடும். போர்ட் பிளேரில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, தமிழ்வழி படித்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பேச வேண்டியவரைக் கண்டுபிடித்துத் தருவதும் பேச்சை எழுத்தாக்குவதும் அவர்களால் ஆகும்.

வரிசையும் முக்கியம். வேளாண் உரையை அடுத்த ஆண்டும் பதிவு செய்யலாம். விஞ்ஞானி மாறினாலும் நிறுவனம் இருக்கும். 1970களில் குடும்பத்தோடு கட்சாலில் இறங்கியவர் அன்று இளைஞராக இருந்திருந்தால் இன்று எழுபதைக் கடந்தவர். எனவே முதல் தொடர் அவர்களுடையதாக இருக்க வேண்டும். கடலாய்வும் பாக்கும் பிறகு வரட்டும். அவர்களைப் பதிவு செய்யக் கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும், அடுத்த கப்பலில் ஓர் இருக்கையும், ஒலிபரப்பு அட்டவணையில் வாரம் அரை மணி நேரமும் வேண்டும். இவை மூன்றும் நிலையம் முனைந்தால் ஆகக்கூடியவை. தில்லியிலிருந்து புதிய செயலி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.